அம்மனாக நான் சொன்ன பொய்

ஒரு தடவை நான் அம்மனாக இருந்து பொய் சொன்னேன். ஏமாந்தவள் என் மனைவி.

மலாக்காவில் வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம். பகலில் நான் பண்டார் ஹிலிரில் அரசாங்கக் குமாஸ்தா. மாலையில் சைவ சபைப் பேச்சாளன். உடம்பில் பாதியைப் பெண்ணுக்குத் தந்தவன் இறைவன் என்று மேடையில் முழங்குவேன். வீட்டுக்கு வந்தால் பாயில் பாதியைக்கூடத் தரமாட்டேன். என் கடவுள் ஏறக்குறைய என் மேலதிகாரி மாதிரி. மனுப் போடுவதுபோலத்தான் அவனை வேண்டுவேன்.

மனைவி காஜா பேராங்கில் பிறந்த சிட்டிப் பெண்; தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சம். தமிழை என்னிடம்தான் கற்றாள். அம்மனோடு பேசுவது மட்டும் மலாயில், அதுவும் அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல. கோயிலில் நின்று மீன் விலையைச் சொல்வாள், என் குறட்டையைச் சொல்வாள். "போன வாரமே கேட்டேனே மாக், தூங்கிட்டியா?" என்று தாயைக் கடிந்துகொள்வாள். மாக் என்றால் மலாயில் அம்மா. சபை நண்பர்கள் சிரித்தார்கள். பரம்பொருளுக்கு ஆண் பெண் கிடையாது, மனதுக்குள் 'இறைவா' என்றால் போதும் என்று அவளுக்குப் பாடம் நடத்தினேன். ஆண் பெண் இல்லாததை நானே 'அவன்' என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு உறுத்தவில்லை. அவள் கேட்கவுமில்லை.

அந்தச் சமயத்தில் எனக்குச் சின்னம்மை கண்டது. அம்மை கண்டவர் உடம்பில் அம்மனே வந்து தங்கியிருக்கிறாள் என்பார்கள். நோயாளியைத் தாயாக நினைத்துத்தான் பேசுவார்கள். ஆக, மீசை வைத்த நான் தெய்வமானேன். மனைவி வேப்பிலையால் விசிறினாள், இளநீர் தந்தாள், காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஒரு பிற்பகலில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மாக், நான் ஓயாமப் பேசுறது உனக்குத் தொல்லையா? அவர் அப்படித்தான் சொல்றார்."

நான் நல்ல நினைவோடுதான் இருந்தேன். "டியாம்" என்றேன். வாயை மூடு என்று மலாயில்.

சைவத்தில் சும்மா இருப்பதற்குப் பெரிய பொருள் சொல்வோம். நான் சொன்னதில் அப்படி ஒன்றும் இல்லை.

அதன்பின் கோயிலுக்கு வருவாள், கைகூப்புவாள், திரும்பிவிடுவாள். வென்றுவிட்டேன் என்று இருந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து எங்கள் மகளுக்கு அம்மை போட்டது. காய்ச்சல் இறங்கவில்லை. பக்கத்தில் மனைவி ஊமையாக உட்கார்ந்திருந்தாள். அம்மனிடம் கேளேன் என்று அவள் அக்காள் அதட்டினாள்.

"அவளுக்கு என் குரல் பிடிக்காதுக்கா."

மனைவியை அடுப்படிக்குக் கூப்பிட்டு, அன்றைக்குப் பேசியது அம்மன் இல்லை, நான்தான் என்றேன். அவள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"நீங்க சொன்னதுக்கா நான் இத்தனை வருஷம் அவகிட்ட கோவிச்சுக்கிட்டேன்?" என்றாள். "பாவம்லா அவ."

நேரே மகளிடம் போனாள். முதலில் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு என்னைப் பற்றிய குற்றச்சாட்டுகளைத் தெருவுக்கே கேட்கும்படி அடுக்கினாள். நானும் மகளின் காலடியில் மண்டியிட்டு, "எல்லாம் வல்ல இறைவனே" என்று தொடங்கினேன்.

"யாரைக் கூப்பிடுறீங்க? வந்திருக்கிறது அவ."

"அம்மா" என்றேன்.

மகள் பிழைத்தாள். மனைவி மறுபடியும் கோயிலில் வாய் ஓயாமல் பேசினாள். ஆனால் நான் பக்கத்தில் போனால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். சாகும்வரை அப்படித்தான்.