பப்ளிக் என்று ஒரு பொத்தான்

கிளவுட் படிக்கப் போனபோது எனக்கு முப்பத்தைந்து வயது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கல்யாணம், இரண்டு பிள்ளைகள், பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிப்போர்ட் டைப் செய்யும் வேலை. வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்டு. எங்கள் வீட்டில் போன தலைமுறை வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். மகள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்பதே என் அம்மாவுக்குப் பெரிதாக இருந்தது. எனக்கு அது போதவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிறு காலையில் வகுப்பு. சென்னையிலிருந்து ரயிலில் வந்து பாடம் எடுத்தவர் என்னைவிடச் சின்னவர். நிதானமாகச் சொல்வார். கிளவுட் என்றால் வானத்தில் இருப்பதில்லை, வேறொரு ஊரில் ஏசி போட்ட கட்டடத்தில் அடுக்கி வைத்த கம்ப்யூட்டர்கள்தான், நாம் வாடகைக்கு எடுக்கிறோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதன்பிறகு நெட்வொர்க்கைப் பிரிப்பது, எந்த வாசலைத் திறப்பது, எதை மூடுவது, ஒரு இணையப் பக்கம் ஏன் மெதுவாக வருகிறது என்று வாரத்துக்கு ஒன்று. இருபத்திரண்டு வயதுப் பெண்கள் நடுவில் உட்கார்ந்து கடைசி ஆளாகப் புரிந்துகொண்டேன். ஆனால் புரிந்தது மறக்கவில்லை.

லேபில் நாங்கள் மூன்று பேர். ஓனர், ரத்தம் எடுக்கும் அக்கா, நான். சாயந்திரமானால் ரிப்போர்ட் வாங்கக் கூட்டம் நிற்கும். கூரத்திலிருந்தும் திருப்புட்குழியிலிருந்தும் ஒரு காகிதத்துக்காகப் பஸ் ஏறி வந்து போவார்கள். காய்ச்சலோடு வந்தவர்களே மறுபடி வந்து நிற்பதைப் பார்க்கப் பார்க்க, ரிப்போர்ட்டைக் கிளவுடில் ஏற்றி போனுக்கு லிங்க் அனுப்பினால் என்ன என்று தோன்றியது. ஓனரிடம் சொன்னேன். செலவு எவ்வளவு என்று மட்டும் கேட்டார். மிகக் குறைவு என்றதும் சரி என்றுவிட்டார்.

இரண்டு வாரம் உட்கார்ந்து செய்தேன். லேப் கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் சேரும் ஃபோல்டரை அப்படியே கிளவுடுக்கு ஏற்றும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதினேன். லிங்கைத் திறந்தால் அனுமதி இல்லை என்று வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. ஒரு வீடியோவில் பார்த்து, ஃபோல்டரை பப்ளிக் என்று மாற்றினேன். சிவப்பில் ஒரு எச்சரிக்கை வந்தது. நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்று அமுக்கினேன். லிங்க் திறந்தது. அன்றைக்கு இருந்த சந்தோஷம் இப்போதும் நினைவிருக்கிறது.

லிங்கின் கடைசியில் ரிப்போர்ட் நம்பர். காலையில் முதலில் வந்தவருக்கு ஒரு நம்பர், அடுத்தவருக்கு அதற்கு அடுத்த நம்பர். நிர்வாகத்துக்கு அதுதான் சுலபம்.

கிராமங்களில் மெதுவாகத் திறக்கிறது என்றார்கள். அந்த வாரம் வகுப்பில் கேஷ் பற்றி நடத்தியிருந்தார்கள். ஒரு தடவை திறந்த ஃபைலின் நகலைப் பக்கத்து ஊர் சர்வரில் வைத்துக்கொண்டால் அடுத்த தடவை சட்டென்று வரும். அதையும் போட்டேன். நகல் முப்பது நாள் இருக்கட்டும் என்று வைத்தேன். எத்தனை நாள் வைக்கலாம் என்று யோசித்துவிட்டு வைக்கவில்லை. முப்பது பார்க்க நன்றாக இருந்தது.

எச்.ஐ.வி. சோதனைக்கு மட்டும் லேபில் தனி வழக்கம். ரிப்போர்ட்டை உறையில் ஒட்டி, அவரவர் கையில் கொடுப்போம். ஓனர் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். லிங்க் அனுப்பமாட்டோம். அந்த வழக்கம் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நான் எழுதிய புரோகிராமுக்குத் தெரியாது. அது ஃபோல்டரில் இருந்த எல்லாவற்றையும் ஏற்றியது. எனக்கு அது தோன்றவே இல்லை.

லிங்க் அனுப்பத் தொடங்கி மூன்று மாதம் இருக்கும். ஒரு மத்தியானம், வாலாஜாபாத் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். லாரி ஓட்டிய கணவர் இறந்து இரண்டு வருடம். விடாமல் காய்ச்சல் என்று போன மாதம் வந்து உறை வாங்கிப் போனவர். கூட்டம் குறையும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து நேராக அக்காவிடம் போனார்.

"யார்கிட்டமா சொன்ன? உன்னையும் ஓனரையும் தவிர யாருக்கும் தெரியாதே. ஊரே பேசிக்கினு இருக்குது."

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். அந்தப் பெண் கத்தவில்லை. பெற்றவர்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றதையும், தலைமையாசிரியர் கொஞ்ச நாள் லீவில் இருக்கச் சொன்னதையும் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஓனர் பயந்துவிட்டார். போலீஸ், கேஸ், லைசென்ஸ் என்று என்னென்னவோ சொன்னார். மறுநாள் காலையிலேயே அக்காவை இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். பதினோரு வருடமாக அங்கே ரத்தம் எடுத்தவர். அக்கா சாப்பாட்டு டப்பாவையும் வெள்ளைக் கோட்டையும் எடுத்துக்கொண்டு என் மேஜை அருகே ஒரு நிமிஷம் நின்றார். நான் திரையைப் பார்த்து டைப் செய்துகொண்டிருந்தேன். அக்கா கலகலவென்று பேசுகிறவர். வாய் தவறிச் சொல்லியிருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு வகுப்பில் அனுமதிகள் பற்றிய பாடம். உங்கள் சிஸ்டத்தை உங்கள் கண்ணால் பார்க்காதீர்கள், வழியில் போகிறவன் கண்ணால் பாருங்கள் என்றார் பாடம் எடுப்பவர். லாகின் செய்யாமல் திறந்து பாருங்கள், லிங்கில் ஒரு நம்பரை மாற்றிப் பாருங்கள். எல்லோரும் அவரவர் பயிற்சிக் கணக்கில் செய்தார்கள். நான் போனை மடியில் வைத்து லேப் லிங்க் ஒன்றைத் திறந்தேன். கடைசி எண்ணை மாற்றினேன். யாரோ ஒரு பெரியவரின் சர்க்கரை அளவு வந்தது. இன்னொன்றை மாற்றினேன். ஒரு கர்ப்பிணியின் ரிப்போர்ட். சத்துணவு சமைக்கும் பெண்ணின் நம்பர் என்னவென்று எனக்குத் தெரியும், டைப் செய்ததே நான்தான். அதைப் போட்டேன். பெயர், வயது, ஊர், கீழே தடித்த எழுத்தில் முடிவு.

பையைக்கூட எடுக்காமல் வெளியே மாடிப்படியில் வந்து உட்கார்ந்து, போனிலேயே அந்த ஃபோல்டரை மூடினேன். பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்தேன். மூடியதும் மறுபடி அந்த லிங்கைத் திறந்தேன். திறந்தது. ஃபோல்டர் பூட்டியிருக்கிறது, ரிப்போர்ட் வந்துகொண்டேயிருக்கிறது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. பாடம் எடுப்பவர் என்னவென்று பார்க்க வெளியே வந்தார். சொன்னேன். போனை வாங்கிப் பார்த்தார்.

"கேஷ்ல இருக்கு மேடம். யாரோ ஏற்கெனவே தொறந்திருக்காங்க, அந்த நகல்தான் வருது. அதையும் அழிக்கணும்."

முப்பது நாள். நான் வைத்த முப்பது நாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்கச் சொல்லிக்கொடுத்தார். யார் யார் திறந்தார்கள் என்று பார்க்கலாமா என்று கேட்டேன். பதிவேடு போட்டு வைத்திருந்தால் பார்க்கலாம் என்றார். நான் போட்டு வைக்கவில்லை. இப்போது போட்டால் இன்றையிலிருந்துதான் பதியும், நடந்து முடிந்தது எதுவும் வராது. எத்தனை பேருடைய எத்தனை ரிப்போர்ட்டை யார் பார்த்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை ஓனரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். மூடிவிட்டாய் அல்லவா, அத்தோடு விடு என்றார். அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கேட்டேன். கூப்பிட்டால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள், லேபை இழுத்து மூடவேண்டியதுதான், உன்மேலும்தான் கேஸ் வரும் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அந்த அக்காவுக்கு முதலில் சொல்லிவிடு என்றார்.

அக்கா வீடு பிள்ளையார்பாளையத்தில். நான் சொல்லி முடிக்கும்வரை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டர் விவரங்கள் எதையும் கேட்கவில்லை.

"தப்பு யார்து வேணா இருக்கட்டும். பதினோரு வருஷம் அங்க இருந்தவ, சொல்லியிருப்பாளான்னு நீ ஒரு வார்த்தை கேட்டியாமா?" என்றார்.

ஆனால் சத்துணவு சமைக்கும் அந்தப் பெண் வீட்டுக்கு நான் கிளம்பியபோது அவரும் என்னோடு வந்தார். தன் பெயர் அங்கே கெட்டுக் கிடக்கிறது, அதைத் தானே போய் எடுக்கவேண்டும் என்றார். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பெண் எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். தான் ரத்தம் கொடுத்த அன்றைக்குக் காலையில் தன் ஊர்க்காரர் ஒருவரும் அம்மாவின் சர்க்கரை டெஸ்டுக்கு வந்திருந்தார் என்றும், தனக்கு வந்த லிங்கில் நம்பரை மாற்றித் தட்டிய அவர் போனில்தான் எல்லோரும் பார்த்தார்கள் என்றும் இப்போது தெரிந்திருந்தது அவருக்கு. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தப்பாகப் பேசிவிட்டேன் என்றார். அக்கா அழுதார். பிறகு நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், இனி யாராலும் திறக்க முடியாது என்றும் சொன்னேன்.

"அழிச்சிட்ட, சரி. பாத்தவங்கள இன்னாமா பண்ணுவ?" என்றார்.

போலீசுக்குப் போவதானால் நானே வந்து சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். இப்போது ஒரு ஊருக்குத் தெரியும், கேஸ் போட்டால் பத்து ஊருக்குத் தெரியும், மகள் பத்தாவது படிக்கிறாள் என்றார். அவர் கேட்டது ஒன்றுதான். வேலை திரும்பக் கிடைக்குமா?

லேபின் தவறால் வெளியானது என்றும், இந்த நோயால் சமையல் வேலைக்கு எந்தத் தடையும் இல்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டு, அவரோடு வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போனேன். எழுதிய அன்றே லேபில் என் வேலை போனது. அங்கிருந்த பெண் அதிகாரி பொறுமையாகப் படித்தார். யாரும் உங்களை நீக்கவில்லையே, நாளைக்கே போய்ச் சமையுங்கள் என்றார். பள்ளிக்கூடத்துக்கும் போன் போட்டுச் சொன்னார். சட்டப்படி எல்லாம் சரியாக நடந்தது.

அவர் போய்ச் சமைத்தார். பிள்ளைகள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்தார்கள். முதல் வாரம் பத்துப் பதினைந்து தட்டு வந்தது. பிறகு அதுவும் இல்லை. சமைத்த சோற்றைத் தினமும் தானே கொட்டிவிட்டு, அண்டாவைத் துலக்கி வைத்துவிட்டு வருவாராம். மூன்று வாரம் பார்த்துவிட்டு, வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ்மில்லில் நெல் அள்ளுகிறார். அங்கே அவருடைய வீட்டு விலாசம் யாருக்கும் தெரியாது.

அக்கா வேறொரு லேபில் சேர்ந்தார். ஓனர் கடைசிவரை கூப்பிடவில்லை. ராஜவீதியில் எதிரே பார்த்தால் அக்கா தலையசைப்பார், நிற்கமாட்டார்.

நான் படிப்பை முடித்தேன். பாதியில் விட்டுவிடத்தான் நினைத்தேன். பாடம் எடுத்தவர் போன் செய்து, இதை அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பதுதான் ஆபத்து என்றார். அது மட்டும் என் காதில் ஏறியது. அடுத்த ஆறு மாதம் அனுமதிகளையும் பதிவேடுகளையும் படித்த வெறியோடு நான் வேறெதையும் படித்ததில்லை.

சென்னையில் ஒரு கம்பெனி இண்டர்வியூவில், நீங்கள் செய்த பெரிய தவறு ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். பெயர் எதுவும் இல்லாமல் நடந்ததைச் சொன்னேன். பாதிப்பு என்ன என்று கேட்டார் ஒருவர். இரண்டு பெண்களின் வேலை என்றேன். அவர் பேனாவோடு இன்னும் காத்திருந்தார். கம்பெனிக்கு என்ன பாதிப்பு என்றுதான் கேட்டிருக்கிறார். எதுவும் இல்லை, லேப் நன்றாக ஓடுகிறது என்றேன். அடுத்து, எப்படித் தடுத்திருக்கலாம் என்றார்கள். கணக்கு முழுவதற்கும் பப்ளிக் ஆகாதபடி பூட்டு, யூகிக்க முடியாத பெயர், ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும் லிங்க், முதல் நாளிலிருந்து பதிவேடு, ஏற்றுவதற்கு முன்னால் எதை ஏற்றக்கூடாது என்று ஒரு பட்டியல். மூச்சுவிடாமல் சொன்னேன். நல்ல பதில் என்றார்கள். வேலை கிடைத்தது. இப்போது அடுத்தவர்கள் திறந்து வைத்தவற்றைக் கண்டுபிடித்து மூடச் சொல்வதுதான் என் வேலை. வாரத்துக்கு ஒன்றாவது அகப்படுகிறது.

முதல் சம்பளம் வந்த மாதம் வாலாஜாபாத் போனேன். மில் வாசலில் நின்றிருந்தேன். தலையில் உமியோடு அவர் வெளியே வந்தார். மாத்திரை ஒழுங்காகப் போடுவதாகவும், மகள் பிளஸ் ஒன் சேர்ந்திருப்பதாகவும் சொன்னார். உடம்பு தேறியிருந்தது. ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணும் வேணாம்மா. நீ இங்க வராம இரு, அது போதும். யாரு, எதுக்கு வந்துச்சுன்னு கேப்பாங்க."

சரி என்று சொல்லிவிட்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தேன். அதன்பிறகு போகவில்லை.