‘வாறன்’ எண்டால் என்ன அர்த்தம்?

போன கிழமை நான் ஒரு பொய் சொன்னேன். பொய் என்று தெரியாமலே சொன்னேன்... அதுதான் இன்னும் மோசம்.

இந்தப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு என் பகல் வேலை தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். வீடுகளுக்கு ஒட்சிசன் சிலிண்டர் அனுப்புகிற ஒரு சின்ன நிலையம், திருகோணமலை நகரத்தில். அங்கே கதிரையில் இருந்து போன் கதைப்பவன் நான். லொறி எங்கே நிற்கிறது, யார் வீட்டுக்கு எப்போது போகும் — கேட்பது, சொல்வது. அவ்வளவுதான் உத்தியோகம்.

புதன்கிழமை காலை ஒன்பது மணி. ஈச்சிலம்பற்றில் இருந்து கமலாக்கா போன் எடுத்தா. அவவின் புருஷன் செல்வம் அண்ணை, அரிசி ஆலையில் உமித்தூசியைச் சுவாசித்தே நெஞ்சைப் பழுதாக்கிக்கொண்ட மனுஷன். சிலிண்டர் இல்லாமல் அவருக்கு ஏலாது.

“தம்பி, சிலிண்டர் மீற்றர் முள்ளு சிவப்புக்கு வந்திட்டுது. இண்டைக்கு லொறி வருந்தானே? வராட்டிச் சொல்லுங்கோ. பக்கத்து வீட்டு ஓட்டோ நிக்குது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுறன்.”

“நில்லுங்கோ அக்கா, கேட்டுச் சொல்லுறன்.”

சாரதி ரவிக்கு எடுத்தேன். ஒரு காதில் ரவி. மற்றக் காதில், மற்றப் போனில், நிலாவெளியில் இருந்து இன்னொரு வீட்டுக்காரர். பெரிய கெட்டிக்காரன் அல்லவா நான்! ரவி ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் நிலாவெளிக்காரருக்கு “ஓம், ஓம்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஓம் தனக்குத்தான் என்று ரவி எடுத்துக்கொண்டான். கடைசி வரி மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“சரி அண்ணை, அப்ப வாறன்.”

கமலாக்காவுக்குத் திரும்ப எடுத்துச் சொன்னேன். “ஓம் அக்கா, வாறானாம்.”

உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்குத்தான் விளங்கவில்லை. எங்கட ஆட்களில் யார் “போறன்” என்று சொல்லிப் போனை வைப்பது? வாய் வருமா? புறப்படுகிறவனும் “வாறன்”தான், போனை வைக்கிறவனும் “வாறன்”தான். ரவி விடைபெற்றிருக்கிறான். அதற்கு முதல் அவன் சொன்னது இதுதான்: “கிளட்ச் போயிட்டுது. கிண்ணியாவில கராஜில நிக்கிறன். ஈச்சிலம்பற்றுக்கு இண்டைக்கு ஏலாது, வேற வாகனம் அனுப்புங்கோ.”

பதினொரு மணிக்கு அக்கா திரும்ப எடுத்தா. “எவடத்தில வாறான் தம்பி?”

மனசுக்குள் தூரத்தை அளந்து பார்த்தேன். இந்நேரம் மூதூர் தாண்டியிருக்கும். “கிட்ட வந்திட்டான் அக்கா.”

ரவிக்கு இன்னொருக்கா எடுத்துக் கேட்டேனா? இல்லை. ஏன்? பிஸி... அந்தச் சொல்லை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

“அப்ப சரி. நான் சிலிண்டரில காத்தைக் கொஞ்சம் குறைச்சு விட்டிருக்கிறன், லொறி வரும் மட்டும் காணும். ஓட்டோக்காரர் ஒரு ஹயர் கிடக்கெண்டு நிண்டவர், போகச் சொல்லிட்டன்.”

பன்னிரண்டரைக்கு ரவி எடுத்தான். “அண்ணை, ஈச்சிலம்பற்றுக்கு ஆரை அனுப்பினனீங்கள்?”

கமலாக்காவின் நம்பரைத் தட்டினேன். வேறு யாரோ ஒரு பொம்பிளை எடுத்தா. பின்னால் அழுகைச் சத்தம்.

லொறிகளுக்கு ஜிபிஎஸ் பூட்டுவோம் என்கிறார் முதலாளி. பூட்டட்டும், நல்லதுதான். ஆனால் ஸ்க்ரீனைப் பார்த்து அக்காவுக்குச் சொல்ல வேண்டியவன் திரும்பவும் நான்தானே? லொறி வராது என்பது ரவிக்குத் தெரியும். என் காது வரைக்கும் அதைக் கொண்டுவந்தும் விட்டான். அதற்கு அங்கால் அது நகரவில்லை. சிலிண்டர் வராததால் அண்ணை சாகவில்லை; வராது என்ற கதை வராததால் செத்தார். லொறி பழுதாவது உலகத்தில் இல்லாத ஒன்றா?

இப்போது எங்கள் ஒபிசில் ஒரு சட்டம். போனில் கேட்டதைத் திருப்பிச் சொல்லாமல் வைக்கக் கூடாது. நல்ல சட்டம். ஒரு கிழமை பிந்திவிட்டது.

சனிக்கிழமை ஈச்சிலம்பற்றுக்குப் போனேன். முற்றத்தில் கதிரைகள் இன்னும் அடுக்கப்படவில்லை. கமலாக்கா என்னை ஆட்களுக்குக் காட்டி, “இந்தத் தம்பிதான், நான் எடுத்த நேரமெல்லாம் மறுமொழி சொன்னவர்” என்றா. அதுக்கு மேல் என்னால் ஏலவில்லை. இரண்டு போன், ரவி, கிண்ணியாக் கராஜ்... எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அக்கா சத்தம் போடவில்லை.

“கிட்ட வந்திட்டான் எண்டு சொன்னனீங்களே... அது?”

“அது நானா நினைச்சுச் சொன்னது அக்கா.”

“தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே, தம்பி.”