பெயிண்டருக்குப் பிடித்த நிறம்

பேசிக்கொண்டே சுவரைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்ப்பான் பெயிண்டர். கல்யாண வீடோ துக்க வீடோ, நகம் சும்மா இருக்காது. "பட்டி சரியா பாக்கல மச்சான். சீக்கிரமே உரிஞ்சிடும்" என்று என் காதைக் கடிப்பான், செத்தவர் நடுவீட்டில் படுத்திருக்கும்போதே.

என் சின்ன அத்தையின் கடைசி மகன் அவன். அவனைப் பெற்ற மாமா சுண்ணாம்பு மூட்டை சுமந்தார். இவன் பிரஷ் பிடித்தான். இவன் மகளோ கம்பெனிக் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய வேலைக்குப் போய், இப்போது அடுக்குமாடியில் சொந்த வீடே வாங்கிவிட்டாள்.

பெயிண்டர் குடியிருக்கும் வாடகை வீட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். வேலை செய்த இடங்களில் மீந்த டப்பாக்களைக் கொண்டுவந்து அடித்ததுதான் எல்லாம். அடுப்படி பாதி பச்சை, பாதி பள்ளிக்கூட மஞ்சள். கதவு ஆஸ்பத்திரி நீலம்.

"உனக்குப் பிடிச்ச கலர் எதுடா?" என்று கேட்டால், "மீந்த கலர் மச்சான்" என்பான்.

மகள் பிடிவாதக்காரி. "நீங்க பிரஷ்ஷைத் தொடக்கூடாதுப்பா, ஆள் வச்சிருக்கேன். கலர் மட்டும் நீங்க சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நான் குடிபோக மாட்டேன்" என்றுவிட்டாள். அன்று முதல் இவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"எத்தனையோ பெரிய வீட்டுக்கு அடிச்சேன். ஒருத்தரும் என்கிட்ட கலர் கேட்டதில்ல மச்சான். நான் பாட்டுக்கு ஒண்ணைச் சொல்லி, புள்ள ஆசையா வாங்குன வீடு அசிங்கமாயிட்டா?"

நேற்று நானும் அந்தப் புது வீட்டுக்குப் போயிருந்தேன். ஏணியோடு வந்த ஆள், "ஐயா, என்ன கலர் அடிக்கட்டும்?" என்றான். பெயிண்டர் திரும்பி, தன் முதுகுக்குப் பின்னால் ஐயாவைத் தேடினான்.

"உங்களைத்தாம்ப்பா கேக்குறாரு!" மகள் சிரித்தாள்.

"உன் இஷ்டம்மா..." என்று இழுத்தான்.

"அந்தப் பேச்சே வேணாம்" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நிற அட்டையைப் புரட்டினான். மூடினான். வியர்வையைத் துடைத்தான். அப்புறம் மூலையில் நின்ற மனைவியைப் பார்த்தான். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன, வெங்காயத்தோல் நிறச் சேலை கட்டியிருந்தாள். நேரே போய் முந்தானையைப் பிடித்தான்.

"ஐயோ விடுங்க, ஆளுங்க பாக்குறாங்க!"

விடவில்லை. அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய், முந்தானையை வெறும் சுவரில் வைத்து, உள்ளங்கையால் சுருக்கமில்லாமல் நீவிக்கொண்டிருந்தான்.