அண்ணன் கையில் இருந்த காப்பு

என் அண்ணன் குதிரை வண்டி ஓட்டினான். எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஆட்டோ கம்மி. பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் கொண்டுபோய் விடுவான். வெள்ளைக்காரர்கள் குதிரையின் பெயரைக் கேட்பார்களாம். பெயரே வைக்கவில்லை என்றால் அவர்களுக்கு வருத்தமாகிவிடும் என்று சொல்லிச் சிரிப்பான்.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. வண்டியை விட்டு இறங்கி, குதிரையின் வாரைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தான். லாரி ஒன்று ஹாரன் அடிக்க, குதிரை மிரண்டு முன்னால் பாய்ந்தது. வண்டிக்கு முன்னால் நீண்டிருக்கும் கட்டையின் நுனி அவன் தொப்புளுக்கு மேலே குத்தியது. ரத்தம் வரவில்லை. உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது, அவ்வளவுதான். மறுநாளும் வண்டி ஓட்டினான்.

அடுத்த வாரம் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். அந்த வருஷம் தீ மிதிக்கிறவர்களில் அண்ணனும் ஒருவன். அது எனக்காக. அப்பா இல்லாத வீடு. என்னைப் பார்க்க வந்தவர்கள், நான் வாயே திறக்காததைப் பார்த்து, பெண்ணுக்குப் பேச வருமா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். தங்கச்சிக்கு இடம் அமைந்தால் தீ மிதிக்கிறேன் என்று அண்ணன் வேண்டிக்கொண்டிருந்தான். கீழ்பென்னாத்தூரில் இடம் அமைந்தது. ஆவணியில் கல்யாணம். காப்புக் கட்டியவன் தீ மிதித்து முடிக்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

காப்புக் கட்டிய பிறகுதான் வலி ஆரம்பித்தது. சாப்பிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவான். விரதம் என்பதால் ஒருவேளைதான் சாப்பாடு. அதனால் அவன் சாப்பாட்டைக் குறைத்ததும் எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வண்டிக்காரர்கள் குடல் ஏறியிருக்கும் என்றார்கள். ஒரு அம்மாவிடம் போய் எண்ணெய் போட்டு வயிற்றை நீவிவிட்டுக்கொண்டு வந்தான்.

"எப்பிடிடா இருக்குது?" என்றாள் அம்மா.

"அந்தம்மா அமுக்குன வலியில பழைய வலி தெரியல" என்றான்.

வலி ஜாஸ்தியானதும், பக்கத்துத் தெரு டாக்டரிடம் நானும் அம்மாவும் கூட்டிப் போனோம். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அடிபட்டதை விசாரித்தார். அழுத்தினால் தெரிவதைவிட அவன் சொல்கிற வலி பெரிதாக இருக்கிறதே என்று முகம் சுளித்தார்.

"உள்ள என்னமோ ஆயிருக்குது. இங்க வெச்சிப் பாக்க முடியாது. நாளைக்கே வேலூருக்குக் கொண்டு போயிடுங்க."

அண்ணன் காப்புக் கயிறு கட்டியிருந்த மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். "ஞாயித்துக்கெழம தீ மிதிச்சிட்டு வந்துடறேன் சார்."

"அதுவரைக்கும் தாங்குமா?"

"தாங்கும் சார்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா மறுபடி கேட்டாள். "போயிட்டுதான் வந்துடேன்டா. அம்மன் கோவிச்சிக்காது."

"எனக்குன்னா போயிருப்பேம்மா. இது அவளுக்கு வேண்டிக்கினது. பாதியில வுட்டுட்டு, நாளைக்கு அவ போற எடத்துல ஒண்ணுன்னா?"

பூசாரி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். காலையும் மாலையும் எங்கள் வாசல் வழியாகத்தான் கோயிலுக்குப் போவார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. காப்பைப் பற்றி அப்படிக் கேட்பதே குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குண்டம் வளர்க்கக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அண்ணன் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ரத்தமாக வாந்தி எடுத்தான். வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. காரில் படுக்க வைத்துப் போளூர் வழியாக வேலூருக்குக் கொண்டுபோனோம். எல்லை தாண்டும்போது கையெடுத்துக் கும்பிட்டான். ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றுவதற்கு நர்சம்மாவுக்கு அந்த மணிக்கட்டு தேவைப்பட்டது. அம்மா வாயைத் திறப்பதற்குள் கத்தரிக்கோலால் காப்பை நறுக்கி, பஞ்சோடு சேர்த்துத் தட்டில் போட்டுவிட்டார்.

வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர் வெளியே வந்து சொன்னார். அடிபட்டதில் குடலிலிருந்து ரத்தம் திரும்பிப் போகிற குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டதாம். உள்ளே வந்த ரத்தத்துக்கு வெளியே போக வழியில்லாமல் குடல் வீங்கிக் கறுத்துவிட்டதாம். கறுத்த பாகத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். நிறையவே எடுக்க வேண்டியிருந்தது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா, உறையாம இருக்க மருந்து ஏத்திப் பாத்திருக்கலாம். இவ்வளவு போயிருக்காது" என்றார். எங்களைத் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. அவர் திட்டவில்லை.

அண்ணன் பிழைத்தான். ஆனால் எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் தங்கவில்லை. வாரைப் பிடித்து இழுக்கக் கையில் பலம் இல்லாததால் குதிரையை விற்றோம்.

அவன் வீட்டுக்கு வந்ததும் பூசாரி பார்க்க வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? காப்ப அவுத்து அம்மன் காலடியில வெச்சிட்டு அனுப்பியிருப்பேனே. வருஷா வருஷம் யாராவது ஒருத்தருக்கு அவுக்கறதுதானே. அடுத்த வருஷம் வந்து மிதிப்பாங்க."

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவர் போன பிறகும் திரும்பவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், காத்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம் நடந்தது. அண்ணனுக்குத் தைத்திருந்த சட்டை தோளிலிருந்து இறங்கி இறங்கி விழுந்தது. மணவறையில் ஐயர் என் கையில் மஞ்சள் துண்டு வைத்த காப்புக் கயிற்றைக் கட்டினார். பக்கத்தில் நின்ற அண்ணன் குனிந்து அதையே பார்த்தான்.

"சாமி, ஒரு அவசரம்னா இத அவுக்க யாரக் கேக்கணும்?" என்றான்.

பந்தலில் எல்லாரும் சிரித்தார்கள். "என்னாப்பா, இப்பவே தங்கச்சியத் திருப்பிக் கூட்டிக்கினு போவப் பாக்கிறியா?" என்றார் ஒரு பெரியவர். மாப்பிள்ளைகூடச் சிரித்தார். அண்ணனும் சிரித்தான்.

ஐயர் மட்டும் அவன் நிஜமாகத்தான் கேட்கிறான் என்று புரிந்துகொண்டவர்போல, "என்னையே கேளுப்பா, அவுத்து வுட்டுடறேன்" என்றார்.

பந்திக்கு எல்லாரும் எழுந்து போனபோது, அம்மா ஒரு கிண்ணத்தில் குழைந்த சோற்றைத் தயிர் ஊற்றிப் பிசைந்து எடுத்துக்கொண்டு அண்ணனைத் தேடிப் போனாள்.