முள் வைத்த வாசல்

நேற்று ஆஸ்பத்திரியில் என் மனைவியை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். பின்புறம் யாரோ வேலிக்கு வேலமுள் இழுத்துப் போனார்கள். அந்தச் சரசரப்பில் மல்லசமுத்திரம் பக்கத்து எங்கள் ஊர் நினைவுக்கு வந்துவிட்டது.

நான் சிறுவனாக இருந்தபோது ஒரு வருஷம் எலிகள் செத்து விழுந்தன. பிளேக்குக்குப் பயந்து ஊரே வாசல்களில் முள்ளை வைத்து அடைத்துவிட்டுக் காட்டுக் குடிசைகளுக்குப் போயிற்று. மறந்துவைத்த கம்பு மூட்டையை எடுக்க நானும் அப்பாவும் ஒரு மத்தியானம் திரும்பினோம். தெருவில் ஒரு காக்கை கூட இல்லை. அப்பாவின் கை வியர்த்திருந்தது.

"பயமா இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இருக்குது சாமி. கண்ண மூடு, ஜெபம் பண்ணிக்கலாம்."

நடுத்தெருவில் சத்தமாக ஜெபித்தார். முடிந்ததும் பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து, "ஆமென்" என்றது ஒரு குரல்.

எனக்கு உடம்பு சில்லிட்டது. ஊரில் வேதக்காரர் வீடு எங்களுடையது ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் பாவாயியக்கா மட்டும் தினமும் எங்கள் ஜெபத்தின்போது, "ஆமென், சோறு வெந்துருச்சா?" என்று சுவருக்கு அப்பால் கேலி பேசுவாள்.

"பாவாயி, நீயா?"

"காச்சல்னு உட்டுட்டுப் போயிட்டாங்க. ஏனுங்கண்ணா நிறுத்திப்போட்டீங்க? கேலி இல்லீங்க, சொல்லுங்க."

அப்பா வெறுங்கையால் முள்ளை இழுத்தெறிந்தார். அதன்பின் தினமும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்து, வாசலில் நின்று ஜெபித்தார். ஒருநாள் உள்ளிருந்து ஆமென் வரவில்லை.

நான் கூச்சக்காரன். உதட்டுக்குள்ளேதான் ஜெபிப்பேன். நேற்று அந்தச் சாத்திய கதவின் முன் வாய்விட்டு ஜெபித்தேன். ஆமெனை மட்டும் சொல்லாமல் காத்திருந்தேன்.

உள்ளிருந்து மெல்ல வந்தது. மனைவியின் குரல்தான். ஆனாலும் உடம்பு சில்லிட்டது.