மாடிப்படிக்குக் கீழே வெடித்த கறுப்பு பியர்

நான் லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என் கணவர் வீட்டிலேயே கறுப்பு பியர் வடிக்கத் தொடங்கினார். அவர் எண்பதுகளின் தொடக்கத்திலேயே யாழ்ப்பாணத்தை விட்டு வந்துவிட்டவர். நான் அந்தப் பத்தாண்டின் முடிவில், கலியாணம் முடிந்து, ஈஸ்ட் ஹாமில் அவருடைய வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். கப்பல்துறையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். என் கணவர் பியர் வடிக்கப் பழகியது அவரிடம்தான். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் கஷாயம்போல ஒன்று கிடந்து குமிழி விட்டது. வீடெல்லாம் கருகிய பாண் ரொட்டி மணம். குமிழி முற்றாக அடங்கிய பிறகே போத்தலில் அடைக்க வேண்டும், அடைத்தாலும் சில மாதங்கள் தொடக்கூடாது என்று கிழவர் சொல்லியிருந்தார். இவருக்கு எங்கே பொறுமை? நத்தார்ப் பண்டிகைக்குக் கூட்டாளிகளுக்குக் கொடுக்கும் அவசரத்தில், அடங்க முதலே அடைத்து, சீனியையும் கூடப் போட்டு, மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியில் அடுக்கினார். சுடுநீர்க் குழாய் போகும் இடம் அது.

"சூட்டிலை கெதியா முத்தியிடும்," என்றார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிழவர் வந்திருந்தார். மூவரும் குசினி மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் வெடித்தது.

முதலில் ஒன்று. அடுத்த கணம் இன்னொன்று. பிறகு எல்லாம் சேர்ந்து. அலமாரிக் கதவு பறந்து சுவரில் அடித்தது. நான் எதையும் யோசித்ததாக நினைவில்லை. மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தேன், காதுகளைப் பொத்தி, வாயைத் திறந்தபடி. ஊரில் அப்படித்தான் பழகியிருந்தோம்.

"விழுந்து படுங்கோ! நிக்காதேங்கோ, படுங்கோ!" என்று கத்தினேன்.

என் கணவரின் கால்கள் அசையாமல் நின்றன.

தலையைத் திருப்பினேன். ஒரு சாண் தூரத்தில் கிழவரின் முகம். அவரும் குப்புறப் படுத்திருந்தார், இரண்டு கைகளும் பிடரியில். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு விரைவாக எப்படி அங்கே வந்ததோ! என்னைப் பார்த்து, "வேர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார், எங்கே என்று.

"ஜஃப்னா," என்றேன். "பிளேன். பொம்."

அவர் விரலால் நிலத்தைத் தட்டினார். "ஹியர். திஸ் ஸ்ட்ரீட்."

அவர் சிறுவனாக இருந்தபோது ஜெர்மன்காரர் போட்ட குண்டில் அந்தத் தெருவில் பாதி விழுந்ததைப் பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

"எழும்பும், எழும்பும். பியர் போத்தல் தானே!" என்று சிரிக்கத் தொடங்கிய என் கணவர், குனிந்து எங்கள் இருவரையும் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். இத்தனை மாதமாக என்னோடு வாழும் இந்த மனிதருக்கு அந்தச் சத்தம் தெரியாது. என் ஊரிலேயே பிறந்தும், குண்டுகள் விழ முதலே புறப்பட்டு வந்துவிட்டவர். இந்தத் தெருவிலேயே வளர்ந்த கிழவருக்கோ தெரிந்திருந்தது. அதுதான் எனக்குப் போத்தல் வெடித்ததைவிடப் பெரிய அதிர்ச்சி.

கிழவர் தடித்த கோட்டும் கையுறையும் போட்டுவந்து, தப்பிய போத்தல்களைச் சாக்கால் மூடித் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மூடிகளை மெல்ல நெம்பிக் காற்றை வெளியேற்றி, மறுபடி அடைத்தார். கோடை வரும்வரை தொடக்கூடாது என்று இவருக்கு விரலை ஆட்டிச் சொன்னார்.

என் கணவர் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இப்பிடி எத்தினை தரம் படுத்திருப்பீர்?"

"ஆர் எண்ணினது?"

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

அன்று இருட்டும்வரை கேட்டார். நானும் சொன்னேன்.

கோடையில் ஒரு போத்தலைத் திறந்தோம். நுரை அடக்கமாக எழுந்தது. கிழவர் ஒரு மிடறு குடித்துத் தலையாட்டி, எனக்கும் நீட்டினார். வாழ்க்கையில் இதையெல்லாம் தொட்டறியாதவள் நான். ஒரு வாய் வைத்தேன். கசப்பு, அதன் பின்னால் மெல்லிய இனிப்பு. எனக்குப் பிடித்துப்போய்விட்டது. என் கணவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்.