செவ்வாய் அல்ல, புதன்

அம்மா என்னைப் பற்றி எழுதியதெல்லாம் சேர்த்து மூன்று தாள்தான். மூன்றிலும் இருந்தவை நான் செய்த குற்றங்கள். திகதி, இடம், சாட்சி எல்லாம் போட்டு ஒழுங்காக எழுதியிருந்தார். நாற்பது பேர் கூடியிருந்த மண்டபத்தில், பஞ்சுத் தாடி ஒட்டிய ஒரு மனிதர் அதை உரத்து வாசித்தபோது எனக்கு எட்டு வயது.

அப்போது நாங்கள் கனடாவின் பிரெஞ்சுப் பக்கத்தில், பியர்பொன்ட்ஸ் என்ற இடத்தில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தோம். அம்மா, அப்பா, நான், நாலு வயதுத் தம்பி. கனடாவுக்கு வந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. எங்கள் அகதி வழக்கின் விசாரணைக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். டிசம்பர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. வீட்டில் எல்லாமே அந்த வியாழனைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தன. ஒரு திரைச்சீலை வாங்குவதென்றால்கூட அப்பா, "வியாழன் முடியட்டும்" என்பார்.

பின்னேரம் சாப்பாடானதும் ஒத்திகை தொடங்கும். அப்பா கேள்வி கேட்பார், அம்மா பதில் சொல்வார். பிறகு அம்மா கேட்பார், அப்பா சொல்வார். ஊரை விட்டு எந்த மாதம் வெளிக்கிட்டீர்கள்? எத்தனை நாள் நடந்தீர்கள்? முகாமில் எந்தக் கொட்டிலில் இருந்தீர்கள்? சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு மொழிபெயர்க்க வரும் அண்ணை ஒருவர் சொல்லி விட்டிருந்தார்: "ஒண்டையும் மறைக்காதேங்கோ. ஒரு திகதி பிழைச்சாலும் முழுக்கப் பொய்யெண்டு திருப்பி அனுப்பிப்போடுவினம்." இந்த வசனம் எங்கள் வீட்டில் உப்பு, புளி மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது யாராவது சொல்வார்கள்.

அம்மா மார்கழி வரைக்கும் மளமளவென்று ஒப்புவிப்பார். தை மாதம் வந்ததும் குரல் இறங்கிவிடும். அப்பா உடனே, "அதை விடும். அடுத்தது மாசி நடுப்பகுதி" என்பார். "ஒண்டையும் மறைக்க வேண்டாமெண்டல்லோ சொன்னவை" என்பார் அம்மா. அதோடு அப்பா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விடுவார். தை மாதத்தில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது. எனக்கு ஏழாம் வாய்ப்பாடு நிற்காதது மாதிரி அம்மாவுக்குத் தை மாதம் மனதில் நிற்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு மேலே வீட்டுக்காரரும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். மிஸ்யூ, மதாம் என்று பிரெஞ்சு முறையில்தான் அவர்களை நாங்கள் சொல்வோம். பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேரும் கதைப்பது பிரெஞ்சு. ஆனால் யாராவது கேட்டால், கேட்காவிட்டாலும், தாங்கள் ஜெர்மன்காரர் என்பார்கள். மிஸ்யூவின் மூதாதை ஒருவர் இருநூறு வருடங்களுக்கும் முன்னால், இங்கிலாந்து மன்னருக்குக் கூலிக்குச் சண்டை பிடிக்க ஜெர்மன் தேசத்திலிருந்து கப்பலேறி வந்த சிப்பாய். சண்டை முடிந்தது. அவர் திரும்பிப் போகவில்லை. இங்கேயே காணி எடுத்து, பிரெஞ்சுக்காரப் பெண்ணைக் கலியாணம் முடித்து, பத்துப் பிள்ளை பெற்றார். இதை மிஸ்யூ முதன்முதல் சொன்ன நாளில் அப்பா எங்களிடம், "அந்த மனிசனிட்டை ஒருத்தரும் அகதி ஃபைல் கேக்கேல்லைப் போல" என்றார்.

மிஸ்யூவின் தகப்பனுக்கே ஜெர்மன் மொழி தெரியாது. மிஸ்யூ ஐம்பது வயதில் பின்னேர வகுப்புக்குப் போய்ப் படித்தார். அவருடைய ஜெர்மன் எங்கள் அப்பாவின் பிரெஞ்சு அளவில் நின்றது. ஆனாலும் விடவில்லை. அவரைப் போன்ற சிப்பாய்களின் வழிவந்த குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ரொட்டி சுடுவார்கள், பாட்டுப் படிப்பார்கள், டிசம்பர் தொடக்கத்தில் பிள்ளைகளுக்காக நிக்கோலஸ் புனிதரின் விழா நடத்துவார்கள்.

அம்மா பிரெஞ்சு வகுப்பால் வரும்வரை பள்ளிக்கூடம் விட்டு நான் மதாமிடம்தான் இருப்பேன். அவருடைய சமையலறைச் சுவரில் ஒரு மட்டை வீடு தொங்கியது. அதில் இருபத்துநாலு சின்னக் கதவுகள். கிறிஸ்துமஸ் வரை ஒரு நாளைக்கு ஒரு கதவைத் திறக்கலாம். உள்ளே ஒரு சொக்கலேட். திறக்கிற உரிமையை மதாம் எனக்குத் தந்திருந்தார். நான்காம் திகதி, நான்காம் கதவுச் சொக்கலேட் நகமளவு இருந்தது. இருபத்துநாலாம் கதவோ என் உள்ளங்கையளவு. மதாம் மேல்மாடிக்கு உடுப்பு மடிக்கப் போன நேரத்தில் அதைத் திறந்து தின்றுவிட்டு, கதவை எச்சில் தொட்டு ஒட்டினேன். ஒட்டிய மாதிரியும் இருந்தது, ஒட்டாத மாதிரியும் இருந்தது.

அடுத்த நாள்தான் மதாம் எனக்கு விழாவை விளக்கினார். நிக்கோலஸ் புனிதர் ஒரு தடித்த புத்தகத்தோடு வருவாராம். ஒவ்வொரு பிள்ளையும் அந்த வருடம் செய்த நல்லதும் கெட்டதும் அதில் இருக்குமாம், வாசித்துக் கேள்வியும் கேட்பாராம். பின்னால் கம்பளித் தோல் போர்த்த ஒருவன் பிரம்போடும் சாக்கோடும் நிற்பானாம். கெட்ட பிள்ளையைச் சாக்கில் போட்டு வந்த இடத்துக்கே கொண்டுபோய்விடுவானாம். மதாம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.  புத்தகம், கேள்வி, திருப்பி அனுப்புவது. இதைத்தானே நாங்கள் கீழே ஒவ்வொரு நாளும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம்? நான் தின்ற ஒரு சொக்கலேட்டுக்காக நாலு பேரையும் அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

எனக்குத் தெரியாத ஒன்றும் நடந்திருந்தது. புத்தகத்தில் எழுதுவதற்காக என்னைப் பற்றி ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் எழுதித் தரும்படி மதாம் அம்மாவிடம் ஒரு தாள் கொடுத்திருந்தார். மற்றத் தாய்மார் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளை பல் துலக்குவதில்லை, ஆனால் பூனையை நன்றாகப் பார்க்கிறது. அம்மாவுக்கு அது விளையாட்டுத் தாளாகத் தெரியவில்லை. வீட்டுக்காரர் கேட்கிறார், ஜெர்மன் சங்கம் கேட்கிறது, எங்கேயோ பதியப் போகிறார்கள். அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதினார். ஒரு தாள் போதவில்லை. என் கொப்பியில் இன்னும் இரண்டு கிழித்துக்கொண்டார்.

விழா ஞாயிறு மத்தியானம், ஒரு தேவாலயத்தின் அடித்தளத்து மண்டபத்தில். சுவர் நீளத்துக்கு மூதாதைச் சிப்பாய்களின் பெயர்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே எந்தப் படைப்பிரிவு, எங்கே சண்டை பிடித்தார் என்று எழுதியிருந்தது. பிள்ளைகள் அதைக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். அப்பா அந்தச் சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அம்மா இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் வந்து இருந்தார். ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை.

மணிச் சத்தம் கேட்டது. தாடியும் தங்கத்தாள் தொப்பியுமாக நிக்கோலஸ் வந்தார். அங்கிக்குக் கீழே மிஸ்யூவின் சப்பாத்து தெரிந்தது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. பயம் இரண்டு மடங்காயிற்று. சொக்கலேட்டும் அவருடையது, வீடும் அவருடையது, இப்போது புத்தகமும் அவருடைய கையில்.

ஒவ்வொரு பிள்ளையாக முன்னே போனது. இரண்டு வரி வாசிப்பார். கடைசியில் எல்லாரிடமும் ஒரே கேள்வி: "இந்தப் புத்தகத்தில் இல்லாதது ஏதாவது உண்டா?" பிள்ளை இல்லையென்று தலையாட்டும். பின்னால் நிற்பவன் பிரம்பைத் தரையில் தட்டுவான். ஒரு பை கிடைக்கும், உள்ளே மண்டரின் தோடம்பழமும் கச்சான் கடலையும்.

என் முறை வந்தது. மிஸ்யூ புத்தகத்துக்குள்ளிருந்து மடித்த மூன்று தாள்களை எடுத்து விரித்தார். மண்டபம் கொல்லென்று சிரித்தது. ஆங்கிலத்தில் இருந்ததைப் பிரெஞ்சில் மாற்றிச் சொல்லத் தொடங்கினார். ஒக்டோபர் மூன்றாம் திகதி பருப்பை மதாமின் பூச்சாடிக்குள் துப்பினாள். தம்பியின் இடது கையைக் கடித்தாள், சாட்சி தகப்பன். வீட்டுப்பாடத் தாளைப் பனியில் விழுத்தியதாக ஆசிரியைக்குப் பொய் சொன்னாள். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் சுவரில் பேனையால் தன் பெயரை எழுதினாள். கடைசியை வாசித்தபோது மிஸ்யூ ஒரு கணம் நின்று செருமினார். அது அவருடைய சுவர். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்த வரி சொக்கலேட், இல்லை, அதற்கடுத்த வரி.

"செவ்வாய்க்கிழமை பள்ளி பஸ்ஸில்" என்று மிஸ்யூ தொடங்கினார்.

அம்மா எழுந்து நின்றார். அம்மாவின் பிரெஞ்சில் உறுதியாக நின்றவை கிழமைகளும் இலக்கங்களும் மட்டும்தான். "நோன்" என்றார். "செவ்வாய் அல்ல. புதன்."

மிஸ்யூ தாளைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "ஆம், மன்னிக்கவும், புதன்" என்றார். சிரிப்பு இன்னும் பலத்தது. அம்மா சிரிக்கவில்லை. இரண்டு கையையும் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, அடுத்த கேள்விக்குக் காத்திருப்பவர் போல அப்படியே நின்றார். அப்பா குனிந்த தலை நிமிராமல், "இரும், இரும்" என்று அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தார்.

மூன்று தாளும் முடிந்தன. சொக்கலேட் வரவில்லை. தப்பிவிட்டேன் என்று நினைக்கும்போது மிஸ்யூ அந்தக் கேள்வியைக் கேட்டார். இந்தப் புத்தகத்தில் இல்லாதது ஏதாவது உண்டா? தலையை ஆட்டினால் போதும். ஆனால் மொழிபெயர்ப்பு அண்ணையின் வசனம் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சாக்கைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன், அழுதுகொண்டே சொன்னேன்: "இருபத்துநாலாம் கதவு. நான்தான் தின்றேன்."

 முதலில் மதாம் கை தட்டினார். மண்டபமே தட்டியது. மிஸ்யூ சிரித்த சிரிப்பில் தாடி ஒரு பக்கம் கழன்றது. உண்மை சொன்ன பிள்ளைக்கு இரண்டு பை என்று தந்தார். பிரம்புக்காரன் என் கன்னத்தைத் தட்டினான். அந்தக் கணத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உலகம் இவ்வளவு சுலபமானதா!

வீட்டுக்கு வந்ததும் அப்பா வாசற்பனி தள்ள வெளியே நின்றுவிட்டார். அம்மா என் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு ஆறுதல் சொல்ல விரும்பினேன். "அம்மா, மறைச்சதைச் சொன்னா ஒண்டும் செய்யமாட்டினம். சிரிச்சுப்போட்டு இரண்டு பை தருவினம். நீங்களும் அந்தத் தை மாசத்தைச் சொல்லிப்போடுங்கோ."

அம்மா சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்பாவுக்கு முன்னாலை உப்பிடிக் கதையாதை" என்றார். மற்றச் சப்பாத்தைக் கழற்ற மறந்துபோனார்.

தை மாதத்தில் என்ன இருந்ததென்று எனக்குப் பத்தொன்பது வயதில்தான் தெரியவந்தது. யுத்தத்தின் கடைசி வருடம் அப்பாவை ஆயுதக்காரர்கள் பிடித்துக்கொண்டுபோய் நாற்பது நாள் பங்கர் வெட்ட வைத்திருக்கிறார்கள். வெட்டாதவனைச் சுட்டார்கள். ஆனால் வெட்டியவனும் அவர்களுடைய ஆள்தான் என்று கனடாக்காரர் கணக்கெடுப்பார்கள் என யாரோ அப்பாவுக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் அந்த நாற்பது நாளை ஃபைலில் எழுதவில்லை. அந்த வியாழக்கிழமை அம்மா அதைச் சொல்லிவிட்டார். விசாரணை அந்த இடத்திலேயே நின்றது. அப்பாவின் வழக்கைத் தனியாகப் பிரித்தார்கள். அம்மாவுக்கும் எங்களுக்கும் அடுத்த வருடமே அகதி அந்தஸ்து கிடைத்தது. அப்பாவுக்கு நாலரை வருடம் எடுத்தது. தன் தாய் செத்ததற்கு அவரால் போக முடியவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் அம்மாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

"நான் சொன்னதாலையோ சொன்னனீங்கள்?" என்று அம்மாவிடம் கேட்டேன். "உனக்கென்ன விசரோ? திகதி பிழைச்சுப்போச்சு. அதாலை சொல்ல வேண்டி வந்தது" என்றார். என் அம்மாவுக்குத் திகதி பிழைத்தது என்பதை நான் நம்பவில்லை. அப்பாவிடம் கேட்கும் துணிவு இன்றுவரை வரவில்லை.

அந்த வியாழக்கிழமை மட்டும் எனக்குத் துணிவுக்குக் குறைவில்லை. நாலு மணிபோல் விசாரணை முடிந்து இரண்டு பேரும் வந்தார்கள். அப்பா என்னைத் தாண்டி உள்ளே போனார். அம்மா கோட்டோடு படிக்கட்டில் இருந்துவிட்டார். நான் காதுக்குள் கேட்டேன்: "சொன்னனீங்களோ?"

"ஓம்."

"சிரிச்சவையோ?"

அம்மா என் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். "ஓம் பிள்ளை. சிரிச்சவை" என்றார்.

எனக்குத் தலைகால் புரியாத பெருமை. உள்ளே ஓடினேன். அப்பா சாப்பாட்டு மேசையில், ஃபைலின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தார். "அப்பா, அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான்" என்றேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். திரும்பவும் ஃபைலைப் பார்த்துக் குனிந்துவிட்டார். அவருக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, கிட்டப் போய் இன்னொரு தரம் உரத்துச் சொன்னேன்.